இட்லிக் குண்டானில் ஒரு கம்ப்யூட்டர்

வெள்ளி இரவு, கராமா பேச்சிலர் ரூம்

நாளை ராத்திரி என் எலக்ட்ரானிக் கச்சேரி. மற்றவர்கள் லேப்டாப்பை வைத்து வாசிப்பார்கள். நான் ரூமுக்குப் பொதுவான இட்லிக் குண்டானுக்குள் கம்ப்யூட்டரைப் பொருத்தியிருக்கிறேன். மூடியைத் திருகினால் தாளம் வேகம் பிடிக்கும். இரைச்சல் வேண்டாமென்று ஃபேன் வைக்கவில்லை.

டூட்டி முடிந்து வந்த ரூம்மேட் அந்தோணி அண்ணன் குண்டானைத் தேடினார். நாளைக் காலைச் சமையல் அவருடைய முறை. மாவுகூட அரைத்து வைத்துவிட்டார். குண்டான் என் மடியில் அதிர்ந்துகொண்டிருந்தது.

"என்னலே இது?"

வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு மூடியைத் தொட்டவர் வெடுக்கென்று கையை உதறினார்.

"நல்லாத்தாம்ல இருக்கு. நிறுத்தாம வாசி, நான் மாவ ஊத்துதேன்."

ரோஷத்தில் இன்னொரு பாட்டைத் தொடங்கினேன். பாதியிலேயே சூடு தாங்காமல் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. மனுஷன் சிரித்திருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். போய்ப் படுத்துவிட்டார்.

இப்போதுதான் ஃபேனை மாட்டி முடித்தேன். பயங்கர இரைச்சல். அதையும் பாட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். குண்டானை மட்டும் தர மாட்டேன். அண்ணன் எழுவதற்குள் அடுப்பில் தோசைக்கல்லை ஏற்றிவிடுவேன்.