கிரிக்கெட்காரரின் குளிர்காலம்

செப்டெம்பர் 28, ஞாயிறு

இன்றோடு எல்லிங்ஸ்ருட் மைதானத்தில் என் கணவரின் குழுவுக்குக் கிரிக்கெட் முடிந்தது. இனிக் கோடை வரை சும்மாதான். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் சும்மா இருக்கப் பிடிக்காத கிரிக்கெட்காரர்தான் அதே பந்தை வைத்து ஹொக்கிக் கழகம் தொடங்கினார்கள் என்று குழுவினரிடம் சொன்னேன்.

"அங்கை மழை, இஞ்சை பனியெல்லோ அக்கா," என்று சிரித்தார்கள்.

மட்டக்களப்பில் பாடசாலைக்காக ஹொக்கி ஆடிய மட்டையைக் காரிலிருந்து எடுத்தேன். மகள் என் கையிலிருந்து அதை வாங்கினாள். இரு பக்கத்தாலும் அடிக்கிற ஐஸ் ஹொக்கி ஆடுகிறவள், கிரிக்கெட் பந்தை மட்டையின் பின்பக்கத்தாலும் அடித்தாள்.

"ஃபவுல்! தட்டைப் பக்கத்தாலை மட்டும்தான் அடிக்கலாம்." மைதானமே என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தக் குரலை நானே மறந்திருந்தேன்.

"அப்ப நீங்கள் அடியுங்கோ அம்மா."

அடித்தேன். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது.

சிரித்தவர்களில் ஒருவர் கேட்டார், "இதுக்கு எத்தினை பேர் வேணும் அக்கா?"

"பதினொரு பேர். கிரிக்கெட் மாதிரித்தான்."

நின்றவர்களை எண்ணினார். என்னையும் சேர்த்து எண்ணினாரா தெரியவில்லை.