அப்பாவின் கோணல் கை எது

அன்பு மகள் கோகிலாவுக்கு, அப்பா மூக்கையா சொல்லச் சொல்ல உன் தம்பி சுமன் எழுதுவது. நாங்க எல்லாரும் சுகம், ஜோர்தான்ல நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு சுகமா இருக்கணும். முதற்கண் ஒரு முக்கிய அறிவித்தல். இன்று காலை தோட்டத்து மேல் டிவிஷனில் நம் லயத்து வீட்டு வாசலில், பொதுமக்கள் முன்னிலையில், உன் அப்பாவாகிய நான் பிறர் உதவியின்றி என் சட்டைப் பொத்தான்களைப் பூட்டி முடித்தேன் என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறேன். (பொதுமக்கள் என்றது என்னையும் கோழியையும். சுமன்.)

புள்ள, போன கிழமை வீடியோவில என் வலது கையில உருண்டு நிக்கிற சதையைப் பார்த்து நீ அழுதே, வேலை ஒப்பந்தத்தை முறிச்சிட்டு வந்து அந்த உருண்டைக்கு இன்னொரு ஒப்பரேஷன் செய்ய வைப்பேன்னு சொன்னே. வராதே. ரப்பர் மலையில வழுக்கி விழுந்ததுக்குத் தோளுல தசைநாரை வெட்டி விட்டாங்கல்ல, அதுல கைச் சதை கொஞ்சம் கீழ இறங்கும், பார்வைக்குத்தான் கோணல்னு டொக்டர் முன்னமே சொன்னாரு. செவ்வாக்கிழமை கிளினிக்ல அதைத்தான் பார்த்தாங்க. புதுசா வந்த சின்ன டொக்டர் பெரிய உருண்டைன்னு வலது கையில பேனாவால வட்டம் போட்டாரு. அவருக்கு மூத்தவரு சின்ன உருண்டைதான்னாரு. அவருக்கும் மூத்தவரு கண்ணைச் சுருக்கிப் பார்த்துட்டு இருந்தாலும் இருக்கும்னாரு. அப்புறம் முடியெல்லாம் நரைச்ச பெரிய டொக்டர் வந்தாரு, கிளினிக் அட்டையைப் பார்க்கல, தழும்பும் பனியனுக்குள்ள மறைஞ்சிருந்துச்சு, கதவுகிட்டயே நின்னு இதோ தெரியுதே, இடது கை நல்லா இறங்கியிருக்குன்னாரு. அது வருஷக்கணக்கா ரப்பர் பால் வாளி தூக்கி முறுக்கேறின கை. பேனா டொக்டரும் ஆமா சேர் இடதுதான்னு சொல்லி, வலது கையில போட்ட வட்டத்தைப் பஞ்சால துடைச்சாரு.

நான் விடுவேனா, நெஞ்சை நிமித்தி சிங்களத்திலயே சொன்னேன், அது நல்ல கை சேர், அதையும் வெட்டினா வாளியைப் பல்லுலதான் கவ்வணும்னு. அவரு ரெண்டு கையையும் மாத்தி மாத்திப் பார்த்துச் சிரிச்சிட்டாரு. இத்தனை வருஷம் கை பார்க்கிற எனக்கே தெரியலன்னா வேற யாருக்குத் தெரியப் போகுது, இன்னொரு ஒப்பரேஷன் வேணாம், பலம் வந்துடுச்சு, அடுத்த மாசம் வேலைக்குப் போகலாம்னாரு. அதனால நீ உன் தவணையை முடிச்சிட்டு நிம்மதியா வா. இதை லீவு முடிஞ்சு ஜோர்தானுக்குத் திரும்புற ஷாமிளாகிட்ட கொடுத்து விடுறோம், கருவாட்டுப் பொட்டலம் உனக்கு, அவ பிரிச்சுத் தின்னாம பார்த்துக்க. குளிருக்கு காலுறை போடு. சாமி உன்னைக் காப்பாத்தும்.

இப்படிக்கு,
ரெண்டு கையும் சரியா உள்ள அப்பா,
மூக்கையா

சுமன் இதை வாசிச்சுக் காட்டினான், அடுப்படியில இருந்து உங்கம்மா மருதாயி, உண்மையை எழுதாம கடித உறையை ஒட்டக் கூடாதுன்னுட்டா. சரி புள்ள, சிங்களத்தில பேசினது அவதான். வெளிய வாங்கு பெஞ்சுல உட்கார்ந்திருந்தவ, காதுல விழுந்து உள்ள வந்தா. நான் நாலு டொக்டருக்கும் ‘ஒவ் சேர்’, ஆமா சேர்னு மட்டுந்தான் சொன்னேன், இடது கைக்கும் அதேதான். அவ உள்ள வரும்போது, இடது கையை வெட்ட என்னைக்கு வந்து படுக்கணும்னு கேட்டுக்கிட்டு நின்னேன்.