பதினோரு தடவை போட்ட முடிச்சு

என் செல்லப் பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். பதினாறு மாதமாக இந்த வரியைப் பொய்யாகவே எழுதி வந்தேன், இன்றைக்குத்தான் நிஜமாக எழுதுகிறேன். நீ விடுதலை! நேற்றிலிருந்து இங்கே யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. அப்பா சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார், சாயங்காலம்வரை ஒருவரும் சொல்லவில்லையாம். நான் வெறும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிவிட்டு அதை மும்முரமாகக் கிளறிக்கொண்டிருந்தேன்.

கோர்ட்டு வீடியோத் திரையில் நீ கட்டைவிரல் அளவுதான் தெரிந்தாய், அதிலும் இளைத்துத் தெரிந்தாய். சாட்சி உன்னோடு பேசக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டதால் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காமல் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன், என்னைப் போய் அப்படி இருக்கச் சொன்னால் எப்படியடா? அதனால் என் பக்கத்துக் கதையை இப்போது கொட்டுகிறேன். இங்கே நம் ஊர்க் கோர்ட்டில் ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, ஒரு குமாஸ்தா, நீதிபதியும் வக்கீல்களும் உன்னைப் போலத் திரையில்தான். இருபத்திரண்டு வருடம் பார்சல் ஆபீசில் மூட்டை கட்டினவள், நீ கிளம்பின அன்று உன் பெட்டியை வெறும் ஜிப்பை நம்பி விடுவேனா? கயிறு போட்டுக் கட்டினேன், நீ மானம் போகிறது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். விமான நிலையத்தில் பெட்டியை எடை போடும்போது உன் தங்கை அந்த முடிச்சைப் போட்டோ எடுத்து, அம்மாவின் பூட்டு என்று கேலி எழுதிச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினாள். அந்த ஊர் போலீஸ் எடுத்த போட்டோவிலோ ஷூ லேஸ் மாதிரி ஒரு முடிச்சு! நடுவில் விமானம் மாறிய இடத்தில் யாரோ பிரித்து அந்தப் போதைப்பொருள் பொட்டலத்தைத் திணித்திருக்கிறார்கள். இரண்டு போட்டோவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது உன் வக்கீலம்மாதான். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த வக்கீல் என்ன கிழிக்கப் போகிறார் என்று நான் முன்னே புலம்பியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் முதல் நாள் வாக்குமூலத்தில் உன்னிடம் வாங்கிய கையெழுத்து செல்லாது என்று நீதிபதியைச் சொல்ல வைத்ததும் அவர்தானே, அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.

நீதிபதி என்னை முடிச்சுப் போட்டுக் காட்டச் சொன்னார். போட்டேன். கண்ணுக்குத் தெரியவில்லை, மெதுவாக என்றார். மெதுவாகப் போட எனக்கு வரவே இல்லை, கை நின்று நின்று மறந்துபோகிறது! பதினோரு தடவை போட்டேன், மேஜைக் கால், நாற்காலி, குமாஸ்தாவின் ஃபைல் ஒன்றையும் விடவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல், பிள்ளைக்காகப் பொய் சொல்ல மாட்டீர்களா என்று கேட்டார். கட்டாயம் சொல்லுவேங்க, ஆனா அந்தப் போட்டோவுல முடிச்சு எப்பவோ விழுந்தாச்சே, அதை நான் எப்படி மாத்துவேன் என்றேன். மொழிபெயர்ப்பாளர் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடித்தார். அப்பா வெளியே பெஞ்சில் இருந்தார், கண் சிவந்திருந்தது, ஜலதோஷம் என்கிறார். உன் தங்கையின் அலட்டல் தாங்கவில்லை, உயிரைக் காப்பாற்றியவளைப் பாத்திரம் தேய்க்கச் சொல்லலாமா என்கிறாள்.

கிளம்பும் முன் ஒரு காரியம் செய். ஜெயிலில் உன் அறையில் இருக்கும் அந்த டிரைவருக்கு, பாவம், மொழிபெயர்ப்பாளரே கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாயே, உன் வக்கீலிடம் அவர் பெயரைச் சொல்லிவிட்டு வா. அவர் என்ன செய்தாரோ நமக்குத் தெரியாது, ஆனால் என்ன சொல்லி அடைத்திருக்கிறார்கள் என்பதாவது அவருக்குப் புரிய வேண்டாமா. வரும்போது யார் கெஞ்சினாலும் ஒரு குண்டூசிகூட வாங்கி வராதே. நேரத்துக்குச் சாப்பிடு, நூறு வயது நன்றாக இரு கண்ணு.

இன்னொன்று, மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லிவிடாதே. நீதிபதி தீர்ப்புச் சொன்னதும், உங்கள் மகன் குற்றமற்றவர், வீட்டுக்குப் போகலாம் என்று அவர்தான் தமிழில் சொன்னார். புரியலையே என்றேன். திரும்பச் சொன்னார். இன்னும் புரியலைங்க என்றேன். பாவம், மூன்றாவது தடவையும் பொறுமையாகச் சொன்னார். எனக்கு முதல் தடவையே புரிந்துவிட்டதடா.

இப்படிக்கு,
வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா