ஒருசந்தியும் மாத்திரையும்

மார்ச் 13, வெள்ளி

இன்று அம்மாவை டாக்டரிடம் காட்டிக் கொடுத்துவிட்டேன்.

அம்மாவின் ரத்தப் புற்றுக்கு ஒரு என்சைம்தான் காரணம். கைனேஸ் என்ற பெரிய குடும்பத்தில் அதுவும் ஒன்று. எட்டாவதோடு நின்ற எனக்கும் புரியும்படி டாக்டர் முன்பே படம் வரைந்து காட்டியிருக்கிறார். அதன் நடுவில் ஒரு குழி. அங்கே சக்தி வந்து உட்கார்ந்தால், பெருகு என்று செல்லுக்குக் கட்டளை போகும். வேலை முடிந்ததும் அது தானே மடங்கி நிற்க வேண்டும். அம்மாவுடையதில் மடக்கி நிறுத்தும் பகுதி போய்விட்டது. தினமும் காலைச் சாப்பாட்டோடு போடும் மாத்திரைதான் அந்தக் குழியை அடைக்கிறது.

இன்று ரிசல்ட்டைப் பார்த்ததும் டாக்டர் முகம் மாறியது. "புற்று செல் அளவு திரும்ப ஏறியிருக்கு. குழியோட வடிவம் மாறி மாத்திரை பொருந்தாம போயிருக்கலாம். வேற மருந்துக்கு மாறணும்போல. தினமும் போடுறீங்கதானே?"

"போடுதேன் டாக்டர்," என்றாள் அம்மா.

தவக்காலம் தொடங்கியதிலிருந்து அம்மா ஒருசந்தி இருக்கிறாள், நாளுக்கு ஒரே நேரச் சோறு. காலையில் சாப்பாடும் இல்லை, மாத்திரையும் இல்லை. கதவு வரை வந்துவிட்டேன். பிறகு திரும்பி, தரையைப் பார்த்தபடி அதைச் சொன்னேன்.

டாக்டர் திட்டவில்லை. "ஒரு நேரம் சாப்பிடுறீங்கல்ல? அதோட போடுங்க. மருந்து மாத்துறத அப்புறம் பாப்போம். இத முதல்லயே கேட்டிருக்கலாமே."

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். "ஊருல யாருட்டயும் வாய் தொறக்க மாட்டா. என்னைய மாட்டிவிட மட்டும் தொறந்துட்டா," என்றாள்.

இன்றைய ஒருநேரச் சோற்றை வீட்டுக்கு வந்துதான் சாப்பிட்டாள். முடித்ததும் என்னைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினாள். மாத்திரையை வைத்தேன். அவள் விழுங்கும்வரை நின்றேன்.

இந்நேரம் குழி அடைபட்டிருக்கும். அம்மா இன்னும் பேசவில்லை.