உங்கள் தோளில் பச்சைத் துண்டு

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "ஏட்டி இசக்கி" என்று கூப்பிடுகிற என் அப்பாவுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது உங்கள் முகம் இல்லை. உங்கள் இடது முழங்கைக்குக் கீழே தெரிந்த துண்டின் ஒரு மூலை. அது மட்டும் ஊதாவாக இருந்தது. மீதித் துண்டு முழுக்கக் கிளிப்பச்சை.

கம்ப்யூட்டரில் நிறம் மாற்றியவன் யாரோ அவசரக்காரன். கைக்கு அடியில் இருந்த மூலையை விட்டுவிட்டான். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் செய்கிற தப்புதான், நானும் செய்திருக்கிறேன். 'யாரு இவ்வளவு மோசமா செஞ்சிருக்கான்' என்று நினைத்துக்கொண்டே படத்தை மேலே நகர்த்தினேன். நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

உங்களுக்குத் தெரியாது, நான் இப்போது அம்பையில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். மார்க்கெட் பக்கம், மைதீன் பாய் கடை. நீங்கள் போன மூன்றாம் மாதம் சேர்ந்தேன். காதணி விழா, புதுமனைப் புகுவிழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கை வழியாகத்தான் போகிறது. ஆட்களோடு பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. யாராவது கேள்வி கேட்டால் இப்போதும் காது சூடாகிவிடுகிறது, மனதில் இருப்பது வெளியே வருவதில்லை. உங்களிடமும் நான் நேராகப் பேசியது குறைவுதானே. அதனால்தான் எழுதுகிறேன்.

வேறு யாரோ செய்து, அச்சடிக்க மட்டும் எங்கள் கடைக்கு வந்த பேனர் அது. உங்கள் படத்துக்குப் பக்கத்தில், உங்களைவிட நாலு மடங்கு பெரிதாக, ஒன்றியம் கும்பிட்டபடி நின்றார். ஒன்றியச் செயலாளரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஒன்றியம் என்றுதான். கிளைச் செயலாளரான உங்களை அவர் கிளை என்பார். "என்னவே கிளை, கொடி கட்டியாச்சா?" முதலில் அவருடைய ஆட்கள் அப்படிக் கூப்பிட்டார்கள், பிறகு டீக்கடை, பிறகு ஊரே. ரேஷன் கடையில் அம்மா கிளை வீட்டம்மா. நான் கிளை மவள். சுடலைமுத்து என்று உங்களுக்கு ஒரு பெயர் இருந்தது பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு வாசிக்கும்போதுதான் எனக்கு ஞாபகம் வரும்.

அந்தப் பேனரில் எழுதியிருந்ததைச் சொல்கிறேன். "முதலாமாண்டு நினைவஞ்சலி. ஆருயிர்த் தம்பி, கிளைச் செயலாளர் சுடலைமுத்துவின் கனவை நனவாக்க, அண்ணன் தலைமையில் மாபெரும் இணைப்பு விழா." ஒன்றியம் பச்சைக் கட்சிக்குப் போகிறார் அப்பா. உங்களுக்குச் செய்தி வந்திருக்காது. தனியாகப் போகவில்லை, உங்களையும் கூட்டிக்கொண்டு போகிறார்.

கட்சிகளின் பெயரை நான் எழுதப் போவதில்லை. நம் வீட்டில் எப்போதும் நிறம் சொன்னால் போதும். ஊதா என்றால் நாம். பச்சை என்றால் அவர்கள். அந்த அவர்களில் உங்கள் கூடப்பிறந்த தம்பியும் இருந்தார்.

பத்தாவது முடித்ததும் மேலே படிக்க அம்பைக்குத்தான் வர வேண்டும். நம் ஊர் காலை பஸ் முதல் மணி அடித்த பிறகுதான் கொண்டுவந்து விடும். நீங்கள் விடியும்போதே ரைஸ் மில்லுக்கு மூட்டை தூக்கப் போய்விடுவீர்கள். மாடசாமி சித்தப்பா அவருடைய ஆட்டோவில் நம் தெருப் பிள்ளைகள் நாலு பேரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். "அண்ணன் மவளும் வரட்டும், எடம் கெடக்கு" என்று ஆள் விட்டுக் கேட்டார். ஆட்டோவின் முன்னால் ஒரு முழத்துக்குப் பச்சைக் கொடி.

"அந்தக் கொடி பறக்குத வண்டியில எம் மவ ஏறுனா, ஒன்றியம் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?" என்றீர்கள்.

அம்மா மடியில் பீடித் தட்டோடு இருந்தாள். "கொடியிலயா உக்காரப் போறா? சீட்டுலதான உக்காரப் போறா?" என்று கேட்டாள்.

தட்டைக் காலால் தள்ளிவிட்டீர்கள். சுற்றிய பீடியும் தூளும் தரையெல்லாம் சிதறின. நானும் அம்மாவும் குனிந்து பொறுக்கினோம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தினமும் பிந்திப் போனேன். வகுப்பு வாசலில் நிறுத்தி, ஏன் லேட்டு என்று டீச்சர் எல்லார் முன்னாலும் கேட்டால், பஸ் என்கிற ஒரு சொல்கூட எனக்கு வராது. சித்தப்பா ஆட்டோவில் போன நாலு பேரும் முதல் வரிசையில் உட்கார்ந்து என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அரைப் பரீட்சைக்கு முன்னால் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டேன். "பிள்ளைக்குப் படிப்பு ஏறல" என்று டீக்கடையில் சொன்னீர்களாம். படிப்பு ஏறியது அப்பா. நான்தான் ஆட்டோவில் ஏறவில்லை.

போன வருஷம் கார் நெல் அறுப்பு நேரத்தில், மில்லில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், எழுந்திருக்கவே இல்லை. உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்த கொஞ்ச நேரத்தில் ஒன்றியம் வந்து ஊதாக் கொடியைப் போர்த்தினார். ஆண் பிள்ளை இல்லாத வீடு, கொள்ளி வைக்கத் தம்பிதான் வர வேண்டும். சவாரியில் இருந்த சித்தப்பா போட்டது போட்டபடி ஓடி வந்தார். இடுப்பில் பச்சைக் கரை வேட்டி. ஒன்றியத்தின் ஆட்கள் தெருமுனையிலேயே மறித்தார்கள்.

"கரைய மாத்திட்டு வாரும்வே. கட்சிக் கொடி போத்தியிருக்கு."

"செத்துக் கெடக்கது எங்கண்ணன்லே."

"ஒமக்கு அண்ணன். எங்களுக்குக் கிளை."

ஒன்றியம் அங்கேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விடுங்கலே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சித்தப்பா திரும்பிப் போனார். அவரிடம் இருந்த வேட்டி எல்லாமே பச்சைக் கரை. கடைசியில் ஆட்டோ கழுவும்போது கட்டுகிற லுங்கியை, அந்தக் கட்டம் போட்ட சாரத்தைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். உங்களுக்குக் கொள்ளி வைத்தவர் சாரம் கட்டியிருந்தார் அப்பா. அதை நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

இப்போது அதே ஒன்றியம் பச்சைக் கரை கட்டிக்கொண்டு காரிலிருந்து இறங்கி எங்கள் கடைக்குள் வருகிறார்.

அவர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பாய் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "ஒங்க வாப்பான்னு எனக்கு இப்பத்தாம்மா வெளங்குச்சு. அந்த மூலைய மட்டும் பச்ச பண்ணிரு. முடியலன்னா எந்திரி, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அவர் முகமும் சரியில்லை. "மௌத்தாப் போயிட்ட மனுசன…" என்று முனகியது எனக்குக் கேட்டது.

உள்ளே வந்த ஒன்றியம் திரையை எட்டிப் பார்த்தார். "ஏம்மா, நம்ம கிளை மவதான நீ? வளந்துட்டியே! நாளக்கழிச்சு அம்மாவக் கூட்டிக்கிட்டு மேடைக்கு வந்துரு. ரெண்டு பேருக்கும் பச்சத் துண்டு போட்டு விடுதோம். கிளை குடும்பமே நம்மகூட வருதுன்னா சனங்களுக்கு ஒரு இது இருக்கும்."

நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, பிள்ளைக்குச் சங்கடமா இருக்கும் போல" என்று பாய் மெதுவாக இழுத்தார். "அவிய கடேசி வரைக்கும் ஊதாவுல இருந்தவிய…"

"என்ன பாய் பேசுதிய? கிளை என்ன கட்சிக்காரனா? அவன் எனக்குன்னு உள்ள ஆளு. நான் கெணத்துல குதிச்சா பின்னாலயே குதிப்பான். இன்னைக்கு உசுரோட இருந்தா எனக்கு முன்னால பச்சத் துண்ட மாட்டிட்டு வந்து நிப்பாம்லா!"

அவருடன் வந்தவர்கள் சிரித்தார்கள்.

இது உண்மையா அப்பா? இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். போயிருப்பீர்களா? போயிருப்பீர்கள் என்றால், அன்றைக்கு அந்தத் தட்டை எதற்குத் தள்ளிவிட்டீர்கள்? எந்த நிறத்துக்காக நான் வகுப்பு வாசலில் நின்றேன்? இல்லை, போயிருக்கவே மாட்டீர்கள் என்றால், அதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல நீங்கள் ஏன் இல்லை? எனக்குக் கோபம் ஒன்றியத்தின் மேல் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

"மாத்த மாட்டேன்" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்.

"என்னம்மா?"

"இது எங்கப்பா. எங்கப்பா செத்துப் போயிட்டாரு. செத்தவரு எப்படிக் கட்சி மாறுவாரு?"

அவர்களில் ஒருவன் தன்னை மீறிச் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். ஒன்றியம் என்னைப் பார்க்கவே இல்லை. "பாய், அம்பையில ஒங்க கடை ஒண்ணுதான் இருக்கோ?" என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

"எஞ்சோலியக் கெடுத்திட்டியேம்மா" என்று பாய் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் அதத்தான் சொல்லணும்னு இருந்துச்சு, வாய் வரல" என்றார்.

அன்று சாயங்காலம் சித்தப்பா நம் வீட்டுக்கு வந்தார். ஆமாம், இப்போது வருகிறார். பச்சைக் கட்சியில் இருபது வருஷமாகக் கொடி பிடிக்கிறவர் என்பதால் ஒன்றியத்தை வரவேற்றுச் சால்வை போடுகிற பொறுப்பு அவருக்காம். "ஏட்டி இசக்கி, எங்கண்ணன் செத்தும் என்னய ஜெயிச்சிட்டாம்ட்டி. அவனோட ஒன்றியம் இனி எனக்கும் ஒன்றியமாம்!" என்று சிரித்தார். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

அம்மா பீடி சுற்றுவதை நிறுத்தவில்லை. "அன்னைக்கு ஒங்களச் சாரம் கட்ட வச்ச ஆளுக்கா சால்வ போடப் போறிய?"

"போடலன்னா கட்சிய விட்டுப் போன்னுவாவ மைனி. எங்க போக? ஊதாவுக்கா?"

மூன்று பேரும் சிரித்தோம். நீங்களும் இங்கே இருந்து, இதைக் கேட்டுச் சிரித்திருக்க வேண்டும். அண்ணனும் தம்பியும் ஒரே ஆளுக்காகப் பேச்சு வார்த்தை இல்லாமல் இத்தனை வருஷத்தைத் தொலைத்திருக்கிறீர்கள். அந்த ஆளின் வாயில் உங்கள் இரண்டு பேர் பெயரும் வந்ததே இல்லை. ஒருவர் கிளை. இன்னொருவர் ஆட்டோ.

அம்மாவும் நானும் மேடைக்குப் போகப் போவதில்லை. அம்மாவுக்குப் பயம்தான். "வீடு தேடி வந்து கூப்பிட்டா என்ன சொல்ல?" என்று கேட்டாள். "பிள்ள விட மாட்டேங்கான்னு சொல்லு" என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அடுத்த வருஷம் எனக்கு ஓட்டு வருகிறது. நான் யாருக்குப் போட்டேன் என்று உங்கள் படத்துக்கு முன்னால் நின்றுகூடச் சொல்ல மாட்டேன். எந்த ஆளும் என்னை அவருக்கென்று உள்ள ஆள் என்று சொல்ல விடமாட்டேன். எனக்கு ஒரு பிள்ளை பிறந்தால், அது ஏறுகிற வண்டியில் என்ன கொடி பறக்கிறது என்று பார்க்க மாட்டேன்.

நேற்றுக் காலை அம்பையில் பஸ்ஸை விட்டு இறங்கினால், மார்க்கெட் முக்கில் அந்தப் பேனர். வேறு கடையில் அடித்து வாங்கிவிட்டார்கள். நல்ல வேலை, குறை சொல்ல முடியாது. நீங்கள் கீழே ஓரத்தில், பச்சைத் துண்டோடு. ஆட்கள் கடந்துபோகிறார்கள். ஒருவர் நின்று பார்த்து, "கிளையும் போயிட்டாரா?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

என் பையில் ஃபிளெக்ஸ் ஓரம் வெட்டுகிற கட்டர் கிடந்தது. டீக்கடை வாசலில் இருந்த ஸ்டூலை எடுத்துப் போட்டு ஏறினேன். பத்து மணி மார்க்கெட் முழுக்க என்னைப் பார்ப்பது போல இருந்தது. காது சுட்டது.

பக்கத்தில் பூக்கட்டுகிற அக்கா எழுந்து வந்தாள். "ஏட்டி, என்ன செய்யுத? அவனுவ ஆளு பாத்தா என்னாவும்?"

"இது எங்கப்பா."

அவள் உங்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மொகச் சாட இருக்கு" என்றாள். "ஸ்டூலு ஆடுது, நான் பிடிச்சிக்கிடுதேன். வெரசா வெட்டு."

கழுத்துக்கு மேலே, உங்கள் முகத்தை மட்டும் சுற்றி வெட்டி எடுத்தேன். துண்டை ஒன்றியத்துக்கே விட்டுவிட்டேன். உங்களை மடங்காமல் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, ஸ்டூலை டீக்கடையில் திருப்பி வைத்துவிட்டு, வேலைக்குப் போனேன்.

சுடலைமுத்து மகள்,
இசக்கியம்மாள்