முன்பக்கத்து வடு

ஆம்பூர்
12.8.1997

அன்புள்ள ஜோதிக்கு,

பெர்சிஸ் அக்கா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். நீ, உன் வீட்டுக்காரர் பெருமாள், உன் ஆடுகள் எல்லாரும் சுகமா? கல்யாணம் ஆகி ஆலங்காயம் போனதும், ஷூ கம்பெனியில் ஆறு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தவளை மறந்தே போனாய். இருக்கட்டும், நேரில் பார்க்கும்போது காதைத் திருகுகிறேன்.

கம்பெனியை விட்டுவிட்டேன். முகம் வெந்த பிறகு என்னைக் கடைசி வரிசைக்குத் தள்ளினார்களே, நினைவிருக்கிறதா? வெளிநாட்டுக்காரர் யாராவது வந்தால் சூப்பர்வைசர், "பெர்சிஸ், கொஞ்ச நேரம் ஸ்டோர் ரூம்ல இரும்மா" என்பார். கழித்துப் போட்ட தோலெல்லாம் அங்கேதான் கிடக்கும். முள் கிழித்தது, உண்ணி கடித்தது, கொம்பு குத்தி ஆறியது. ஒரு நாள் அதில் ஒரு நீள வடுவைத் தடவினேன். என் கன்னத்தைத் தொட்ட மாதிரியே இருந்தது. அழுகை வரவில்லை, கோபம் வந்தது. இதை எதற்காக ஒளித்து வைக்க வேண்டும்?

அந்த மாதிரித் தோலைக் கேட்டு வாங்கி வந்து ஆறு கைப்பை தைத்தேன். ஊரெல்லாம் வடுவை வெட்டி எறியும், இல்லாவிட்டால் உள்ளே மடிக்கும். நான் முன்பக்கம் நட்டநடுவில் வைத்தேன். லாங் பஜார் கடைக்காரர் ரஃபி அகமது, "இன்னாம்மா இது, கழிச்சுப் போட்ட தோலைக் கொண்டாந்து நெத்தியில வெச்சிருக்கே!" என்று சிரித்தார். அவர் கடையிலேயே ஒரு ஜெர்மன்காரி ஆறு பையையும் வாங்கிக்கொண்டு போனாள். ஒன்றைப் போல் இன்னொன்று இல்லையாம்!

உங்கள் காட்டு ஆடுகள் முள்ளில் புகுந்து வருமே. வடு விழுந்த தோல் இருந்தால் எனக்கு அனுப்பு.

உன் அக்கா,
பெர்சிஸ்

ஆலங்காயம்
1.9.1997

அன்புள்ள அக்காவுக்கு,

ஜோதி வணக்கம். உன்னை மறந்தால் எனக்குச் சோறு இறங்குமா? உன் கடிதத்தை வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். "உங்க அக்காவுக்கு மூளை ஜாஸ்திதான் போ" என்றார்.

தோல் வாங்க வரும் சர்தார் பாஷா வடு விழுந்ததைக் காலால் ஒதுக்கிவிட்டுப் போவார். இனி அதெல்லாம் உனக்குத்தான். பதினோரு தோலுக்கு உப்புப் போட்டு பஸ்ஸில் ஏற்றியிருக்கிறேன். நீ தலைநிமிர்ந்து நிற்பதைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இப்படிக்கு,
ஜோதி

ஆம்பூர்
20.3.2000

அன்புள்ள ஜோதிக்கு,

இப்போது என் கூடத்தில் இருபது பெண்கள் தைக்கிறார்கள். போன வாரம் சபையில் மாதர் கூட்டத்துக்குச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். "என் வடுவையே ஆண்டவர் எனக்கு ஆசீர்வாதமாக்கினார்" என்றேன். போதகரம்மா விசும்பி விசும்பி அழுதார். அடுப்பு வெடித்தது என்றுதான் அங்கேயும் சொன்னேன். சாட்சி சொல்லும் இடத்தில் பொய். உண்மை தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

ஜெர்மனிக்கு முந்நூறு பை வேண்டும். நீ அனுப்பியதோ நாற்பது தோல். காலால் ஒதுக்கிய தோலுக்கு நல்ல தோலைவிட ஜாஸ்தி விலை தருகிறேன், அப்படியும் கம்மியாக அனுப்பினால் எப்படி? வடு ஒரு சாண் நீளமாவது இருக்கட்டும். பெருமாளிடம் சொல்லி எப்படியாவது சேர்த்துக் கொடு.

அன்புடன்,
பெர்சிஸ்

ஆலங்காயம்
15.9.2000

அன்புள்ள அக்காவுக்கு,

இதுவரை உனக்கு இங்கிருந்து இருநூறு தோல் வந்திருக்கும். அத்தனை ஆடு முள்ளில் கிழியாது அக்கா. நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இனிமேல் மனசு கேட்காது, சொல்லிவிடுகிறேன்.

முதலில் வீட்டுக்காரர் உரித்த தோலில் கத்தியால் கீறிப் பார்த்தார். ஒன்றைப் பதப்படுத்தி வாங்கிப் பார்த்தபோது அது வெறும் கிழிசலாகத்தான் தெரிந்தது. "உயிரோட இருந்தாத்தான் வடு ஆவும்" என்று அவராகவே கண்டுபிடித்தார். இப்போது கம்பியைக் காய்ச்சி உயிரோடு இருக்கிற ஆட்டின் மேல் இழுக்கிறார். மஞ்சள் பூசினால் மூன்று மாதத்தில் ஆறிவிடுகிறது. அப்புறம் அறுக்கிறோம். காலை இறுக்கிப் பிடிப்பது நான். பக்கத்து வீடுகளிலும் ஆரம்பித்துவிட்டார்கள். தீனி வைக்கப் போனால்கூட ஆடுகள் என்னைக் கண்டு ஓடுகின்றன.

உன் புருஷன் காய்ந்த எண்ணெயை ஊற்றியபோது நீ கத்தியது தெருவுக்கே கேட்டது, ஒருவரும் கதவைத் திறக்கவில்லை என்று என் மடியில் படுத்து அழுதாயே. அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். வேண்டாம் என்று ஒரே ஒரு வார்த்தை எழுது. வீட்டுக்காரர் என் பேச்சைக் கேட்கமாட்டார், உன் பேச்சைத் தட்டமாட்டார்.

இப்படிக்கு,
ஜோதி

ஆம்பூர்
24.11.2000

அன்புள்ள ஜோதிக்கு,

பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதம் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பைபிளுக்குள் வைத்து மூடினேன். அப்புறம் கூடத்துக்குப் போய்த் தைக்கிறவர்களைப் பார்த்தேன். பாதிப் பேர் அடி தாங்காமல் வீட்டை விட்டு வந்தவர்கள். இந்த வேலை போனால் அந்த வீட்டுக்கே திரும்ப வேண்டும். நான் ஆட்டைப் பார்ப்பதா, இவர்களைப் பார்ப்பதா?

நான் ஆறவில்லையா, ஜோதி? அதுவும் ஆறும். கஷ்டத்தை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எப்படியும் அறுக்கப் போகிற ஆடு. மனதைத் தேற்றிக்கொள்.

ஆனால் ஒன்று. போன வாரம் ஜெர்மன்காரி வந்து அறுபது பையை ஒதுக்கி வைத்துவிட்டாள். கோடெல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக இருக்கிறதாம், சந்தேகப்படுகிறாள். நானும் அடுக்கிப் பார்த்தேன், அவள் சொல்வது சரிதான். எண்ணெய் பட்டதும் நான் ஓடினேன். அதனால்தான் என்னுடையது கழுத்துவரை வளைந்து இறங்கியிருக்கிறது.

அடுத்த முறை காலை அவ்வளவு இறுக்கிப் பிடிக்காதே. திமிறட்டும்.

பெருமாளைக் கேட்டதாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன் அக்கா,
பெர்சிஸ்