கூப்பிட்டபோது நான் இல்லை

மார்ச் 4
இன்றும் வாய்தா. ஆஸ்பத்திரியின் வக்கீலுக்கு வேறு கோர்ட்டில் வேலையாம். அவருடைய ஜூனியர் எழுந்து ஒரு வரி சொன்னார், நீதிபதி தலையாட்டினார், முடிந்தது. பேக்கரியில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கின லீவு அந்த ஒரு வரியில் போயிற்று.

வக்கீல் வைக்கவில்லையா என்று நீதிபதி கேட்டார். வைத்தேனே. ஒருவர் எதிராளி ஆஸ்பத்திரி என்று தெரிந்ததும் நழுவினார். இன்னொருவர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். “நானே பேசிக்கிறேங்க” என்றேன்.

மார்ச் 6
சாட்சி சொல்லும்போது சுருக்கமாகச் சொல்ல வேண்டுமாம். எழுதிப் பார்க்கிறேன்.

என் தம்பி லாரி ஓட்டுகிறவன். குடலிறக்க ஆபரேஷனுக்குத் தன் காலால் நடந்து போனான். சின்ன ஆபரேஷன்தான், நாளை மறுநாள் வீட்டில் இருப்பான் என்றார்கள். மயக்க மருந்து கொடுத்தார்கள். அவன் சரியாக முழித்துக்கொள்ளவே இல்லை. ஸ்ட்ரெச்சரில் வீட்டுக்கு வந்தான். நடக்க முடியாது, அடிக்கடி வலிப்பு வரும், பேச்சில் “அக்கா” மட்டும் மிச்சம். கேட்டால் “இப்படியும் ஆகும்” என்கிறார்கள்.

எப்படி ஆகும்? அந்த அறைக்குள் என்ன நடந்தது என்று யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். என் வழக்கு அவ்வளவுதான்.

ஏப்ரல் 9
நேற்று பேக்கரி அடுப்புக்கு முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். மாவு பிசைகிற அண்ணன் மேல்துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு நீதிபதி ஆனார். நான் உருகி உருகிப் பேசிக்கொண்டிருக்க, “ரொட்டி கருகுதும்மா, வழக்கை ஒத்தி வைக்கிறேன்” என்றார். எல்லாரும் சிரித்தோம்.

இன்று நிஜ நீதிபதியும் அதையே சொன்னார். ஆஸ்பத்திரி வக்கீலுக்குத் தொண்டைக் கட்டு.

மே 21
பழைய வழக்குகளைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவாம். “அடுத்த தடவை சாட்சி சொல்லியே ஆகணும். இதுதான் கடைசி.” நீதிபதி என்னைப் பார்த்துச் சொன்னார். வாய்தா கேட்டது நானா?

ஜூன் 11
வழக்கம்போல தம்பியைப் பார்த்துக்கொள்ள கீழ்வீட்டு அக்கா வந்துவிட்டாள். சாட்சி சொல்லப் போகச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். கட்டில் ஆடுகிற சத்தம்.

ஒரு வலிப்பு அடங்குவதற்குள் அடுத்தது. அவனை ஒருக்களித்துப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். கீழ்வீட்டு அக்கா பயந்துபோய் என் கையைத்தான் பிடித்துக்கொண்டாள். எப்படி விட்டுவிட்டுப் போவது?

கோர்ட்டுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வழி தெரியாமல், வழக்குப் பேப்பரில் நம்பர் இருக்கிறதே என்று ஆஸ்பத்திரி வக்கீலையே கூப்பிட்டேன். “நான் சொல்லிடறேம்மா, நீங்க தம்பியைப் பாருங்க” என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. நல்ல மனுஷன்.

மருந்து உள்ளே போய் மத்தியானத்துக்கு மேல் அடங்கினான்.

ஜூன் 12
தள்ளுபடி.

ஜூன் 13
நேற்று கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க் சொன்னதை இன்றுதான் எழுத முடிகிறது. கூப்பிட்டார்களாம், நான் வரவில்லையாம், வாதி வழக்கை நடத்தவில்லை என்று தள்ளிவிட்டார்களாம். வக்கீல் சொல்லவில்லையா என்றேன். யாரும் எதுவும் சொல்லவில்லையாம்.

வராந்தாவில் அந்த வக்கீலைப் பிடித்தேன். ஓடி ஒளியவில்லை.

“சொல்லலாம்னுதான் எழுந்தேம்மா. ஆஸ்பத்திரி மேனேஜர் பக்கத்துலயே உக்காந்திருந்தார். நான் அவங்க ஆளு. உங்களுக்காக நான் எப்படி டைம் கேக்கிறது?”

“அப்ப ஏன் சொல்றேன்னு சொன்னீங்க?”

என்னைவிட வயதில் சின்னவர். முகம் வெளுத்துப் போயிருந்தது. 

நடத்தலையாம். நான் — நடத்தலையாம். எத்தனை நாள் அந்த பெஞ்சுல போய்க் குந்தியிருந்தேன், ஒருத்தன் கண்ணுக்காவது தெரிஞ்சுதா? அவங்க வரலன்னா வாய்தா. நான் வரலன்னா வழக்கே இல்லையா? அவன் ஏன் அப்படி ஆனான்னு கேக்கத்தானே போனேன், அவன் அப்படி இருக்கறதாலதானே போக முடியல — இதை யார்கிட்ட சொல்றது?

ஜூன் 20
வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லி மனுப் போடலாம் என்று கிளார்க் சொன்னார். டாக்டர் சர்டிபிகேட் இருந்தால் நல்லதாம். தெருமுனை டாக்டரிடம் போனேன். “அன்னைக்கு நான் பாக்கலையேம்மா. பாக்காம எப்படி எழுதுவேன்?”

நியாயம்தான். எல்லாரிடமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆகஸ்ட் 5
மனு விசாரணை. கீழ்வீட்டு அக்காவும் தன் வீட்டுக்காரரைத் தம்பிக்குக் காவல் வைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். அன்று என்ன நடந்தது என்று நீதிபதி கேட்டார். சொன்னேன். சொல்ல ஆரம்பித்த வாய் நிற்கவில்லை. அவன் நடந்து போனது, மயக்க மருந்து, ஸ்ட்ரெச்சர், எல்லாம். தடுப்பார் என்று பார்த்தேன். தடுக்கவில்லை. கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். அப்பாடா, ஒரு தடவையாவது முழுசாகச் சொல்லிவிட்டோம் என்று நெஞ்சு லேசாயிற்று.

அப்போதுதான் சொல்வதையெல்லாம் டைப் அடிக்கிற பெண்ணைப் பார்த்தேன். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்று வர முடியாததற்கு எழுத்தில் ஆதாரம் இல்லை, கீழ்வீட்டு அக்காவின் வாய்ச்சொல் போதாதாம். மனுவும் தள்ளுபடி. “மேல் கோர்ட்டுக்குப் போகலாம்மா” என்றார் நீதிபதி. குரல் இறங்கியிருந்தது. பாவம், அவருக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 6
பேக்கரிக்குப் போனேன். மாவு பிசைகிற அண்ணன் டீயை ஆற்றி என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

செப்டம்பர் 14
மேல் கோர்ட்டுக்குப் போகவில்லை. அவ்வளவு தூரம் போகிற நாளில் இவனை யார் பார்ப்பது?

அக்டோபர் 17
காலையில் இருந்தே தம்பிக்கு மூச்சு இழுத்தது. மத்தியானம் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. ஆம்புலன்சில் ஏறியதும் எங்கே போகிறது என்று தெரிந்துபோயிற்று. வேறு எங்காவது போங்களேன் என்றேன். “அவ்ளோ தூரம் தாங்க மாட்டாருங்க” என்றார் டிரைவர்.

நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, தொண்டையில் குழாய் வைக்க வேண்டும் என்றார்கள். சீட்டு எழுதும் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் புதியவள். “இதுக்கு முன்னாடி இங்க காட்டியிருக்கீங்களா?” என்றாள்.

“காட்டியிருக்கோம்.”

“எதுக்கு?”

“குடலிறக்கத்துக்கு.”

எழுதிக்கொண்டாள். மயக்க மருந்து கொடுப்பதற்குச் சம்மதம் என்று கையெழுத்து வேண்டும், சொந்தக்காரர் யார் என்றாள். நான்தான் என்றேன். எந்த இடத்தில் போடுவது என்று கேட்டேன். விரல் வைத்துக் காட்டினாள்.

போட்டேன்.